பயத்துக்கு ஒரு டிக்கெட் போடுங்க

இன்னும் ஒன்பது நாளில் நான் ஜெர்மனி கிளம்புறேன். டிரெஸ்டன் நகரத்தில் ரெண்டு வருஷ மாஸ்டர்ஸ். எனக்கு வயசு 28. அஞ்சு வருஷம் பார்த்த சாஃப்ட்வேர் வேலையை விட்டாச்சு. இதுவரை நான் தனியா போன அதிகபட்ச தூரம் பெங்களூரு.

"எப்படி இருக்கு?"ன்னு கேட்கிற ஃப்ரெண்ட்ஸ்கிட்ட "செமயா இருக்கு"ன்னு சொல்றேன். பொய் இல்லை. முதல் முறையா பனி விழுறதைப் பார்க்கப் போறேன். எல்பே ஆற்றங்கரையில் சைக்கிள் ஓட்டப் போறேன். மறுபடியும் ஒரு கிளாஸ் ரூம்ல மாணவனா உட்காரப் போறேன். நினைச்சாலே சிரிப்பு வருது. ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பும் வருது. வயிற்றைப் பிசையுது. என்ன பயம்னு கேட்டா சொல்லத் தெரியலை.

ஐடியில் இருக்கிறவங்களுக்கு இது நல்லாத் தெரியும். "ஆப் வேலை செய்யலை"ன்னு மட்டும் ஒரு டிக்கெட் வரும். அதை யாராலும் சரிசெய்ய முடியாது. எந்த ஸ்க்ரீன், எதை அழுத்தினீங்க, என்ன எர்ரர் வந்ததுன்னு கேட்டு வாங்கினால்தான் வேலையே தொடங்கும். என் பயமும் அப்படி ஒரு மொட்டை டிக்கெட்தான். அதனால ஒரு நோட்டை எடுத்து, ஒவ்வொரு பயத்தையும் தனித்தனி வரியா எழுதினேன். மொத்தம் 23 வந்தது.

பாதிக்கு மேல் பயமே இல்லை, வெறும் கேள்விகள். போய் இறங்கினதும் செலவுக்குப் பணம்? விசாவுக்காக ப்ளாக்டு அக்கவுண்டில் ஒரு வருஷத்துக்கு 11,904 யூரோ போட்டிருக்கோம். நம்ம காசில் பத்து லட்சத்துக்கு மேல். அங்கே போய் வங்கிக் கணக்கு தொடங்கினதும் மாசம் 992 யூரோ வரும். அதுவரைக்கும் கையில் கொஞ்சம் யூரோ வேணும். வீட்டு முகவரியைப் பதிவு பண்றது? குடியேறின ரெண்டு வாரத்துக்குள்ள நகராட்சி அலுவலகத்தில் பதியணும். அதுக்கு வீட்டு உரிமையாளர் தர்ற கடிதம் கட்டாயம். ஞாயிற்றுக்கிழமை போய் இறங்கினா சாப்பாடு? அன்னைக்கு சூப்பர் மார்க்கெட் எல்லாம் மூடியிருக்கும், பெரிய ரயில் நிலையக் கடைகள் திறந்திருக்கும். அம்மா கட்டி வைத்த நெய்? பால் பொருட்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. பச்சைக் கறிவேப்பிலைக்கும் சான்றிதழ் வேணும். பருப்புப்பொடி மட்டும் பெட்டியில் ஏறிடுச்சு.

இப்படி அடிச்சு அடிச்சு வந்ததில் கடைசியில் ரெண்டு வரி மிச்சம். அந்த ரெண்டுக்கும் கூகுளில் பதில் இல்லை.

ஒண்ணு, கடன். படிக்கிற காலத்தில் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனா வட்டி ஏறிக்கிட்டே இருக்கும். படிச்சு முடிச்சும் வேலை கிடைக்கலைன்னா? சேர்ந்து கையெழுத்துப் போட்டது அப்பா. அடமானத்தில் இருப்பது எங்க வீடு. இதை நான் யார்கிட்டயும் வாய் திறந்து சொன்னதே இல்லை. வீட்டில் பயத்தைக் காட்டினா அவங்களும் பயப்படுவாங்க. ஃப்ரெண்ட்ஸ்கிட்ட சொன்னா, "இவ்வளவு நல்ல சான்ஸ் கிடைச்சும் புலம்புறான்"னு தோணும். ஒருநாள் மொட்டை மாடியில் அப்பாகிட்ட சொல்லிட்டேன். அவர் "ம்"னு மட்டும் சொன்னார். மறுநாள் காலையில் ஒரு பேப்பரை நீட்டினார். அவர் ரிட்டயர் ஆக இன்னும் நாலு வருஷம். அதுவரைக்கும் மாச வட்டியை அவர் சம்பளத்தில் எப்படிக் கட்டலாம்னு கணக்குப் போட்டிருந்தார். அதில் இருந்த தேதி, நாங்க கையெழுத்துப் போட்டதுக்கு முந்தின வாரம்.

அதாவது, நான் தனியா சுமந்துக்கிட்டிருந்த பயத்தை அவர் எனக்கு முன்னாடியே யோசிச்சு முடிச்சிருக்கார். சில பயத்துக்குப் பதில் இணையத்தில் இருக்கும். சிலதுக்குப் பதில் பக்கத்து அறையில் இருக்கும். வாயைத் திறந்து கேட்டால்தான் வரும்.

ரெண்டாவது, அம்மா. "ஜுரம் வந்தா யாருடா பாத்துப்பாங்க?" நான் ஒரு பொறியாளர் மாதிரியே பதில் சொன்னேன். 30 வயசுக்குள்ள இருக்கிற மாணவர்களுக்கு மாணவர் கட்டணத்தில் அரசு மருத்துவக் காப்பீடு உண்டு. அவசரம்னா 112. கிளினிக் மூடின நேரத்தில் டாக்டர் வேணும்னா 116117. அம்மா கேட்டுக்கிட்டாங்க. ரெண்டு நம்பரையும் காலண்டர் அட்டையில் எழுதி ஃப்ரிட்ஜ் மேல ஒட்டிட்டாங்க. சென்னையிலிருந்து அதுக்குக் கூப்பிட முடியாதுன்னு அவங்களுக்கும் தெரியும்.

அந்த டிக்கெட்டை மூட முடியாது. மூடவும் வேண்டாம்னு விட்டுட்டேன். தினமும் கிளாஸ் முடிஞ்சதும் கூப்பிடுறேன்னு சொல்லியிருக்கேன். அக்டோபர் கடைசி ஞாயிறு வரைக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம், அப்புறம் நாலரை. அம்மா அதையும் அதே அட்டையில் எழுதிட்டாங்க.

உங்களில் யாராவது இந்த மாதிரி கிளம்பத் தயாராகிட்டிருந்தா, இன்னைக்கே ஒரு பேப்பர் எடுங்க. ஒரு வரிக்கு ஒரு பயம். பதில் இருக்கிறதைத் தேடி அடிச்சிடுங்க. மிச்சம் இருக்கிறதை வீட்டில் ஒருத்தர்கிட்ட சொல்லுங்க. அதுக்கு அப்புறமும் ஒண்ணு ரெண்டு நிற்கும். அது உங்களோடவே விமானம் ஏறட்டும். அதுக்குத் தனியா லக்கேஜ் கட்டணம் கிடையாது.

அடுத்த எபிசோடை டிரெஸ்டனில் இருந்து பதிவு பண்றேன்.