வேற்றுமையே உயிரின் காப்பு



உயிரினங்கள் இத்துணைப் பலவாய்ப் பல்கியது எவ்வாறு? பசிபிக் பெருங்கடலின் கலாபகோஸ் தீவுகளில் வாழும் ஃபிஞ்ச் என்னும் சிறு குருவிகள் விடை கூறுகின்றன. பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் என்னும் அறிஞர் தம்பதியர் 1973 முதல் டாஃப்னி தீவில் அவற்றை ஆராய்ந்தனர். 1977-இல் மழை பொய்த்தது. சிறு விதைகள் அருகின. கடினமான பெருவிதைகளே எஞ்சின. அவற்றை உடைக்கவல்ல பருத்த அலகுடைய குருவிகளே பெரிதும் பிழைத்தன. அவற்றின் குஞ்சுகளும் அவ்வலகைப் பெற்றன. 1983-இல் பெருமழை பெய்து சிறு விதைகள் மலிந்தன; அடுத்த ஆண்டுகளில் சிற்றலகுக்கே வாய்ப்பு மிகுந்தது. இவ்வாறு இடத்துக்கும் காலத்துக்கும் ஏற்ப, ஒரே மூதாதையின் வழிவந்தவை பல இனங்களாகக் கிளைத்தன.

சிக்கலான அமைப்பு எவ்வாறு தோன்றுகிறது? நம் தொல்விலங்கு முன்னோரிடம் நிறமுணர்த்தும் மரபணு ஒன்று இரட்டித்தது. ஒரு படி பழம்பணியைத் தொடர, மற்றொன்று சிறிது மாறியது. அதனாலேயே நாம் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிகிறோம்.

1977-இல் குருவிகள் யாவும் ஒரே சிற்றலகோடு இருந்திருப்பின், அவ்வினம் அத்தீவில் தப்பியிருக்குமா? வேற்றுமையைக் குறையென்று எண்ணற்க. வறண்ட காலத்துக்கென உயிர்க்குலம் சேமித்த விதைநெல் அதுவே.