அயல்நாட்டில் ஓர் அரிச்சுவடி



பலகைக்கு முன் நின்று பழகியவன் ஒருநாள் பலகைக்கு எதிரே பிள்ளையாக உட்கார நேர்ந்தால் என்ன ஆகும்? அந்த அனுபவம் எனக்கு 33ஆம் வயதில் வாய்த்தது. அயல்நாடு சென்று அயல்மொழி கற்க விரும்பும் இளைஞர்கள் இன்று நம்மிடையே பலர் உளர். அவர்களுக்குப் பயன்படக்கூடும் என்று கருதி அதனைக் கூற முன்வந்தேன்.

வட ஆர்க்காட்டுப் பக்கத்தில் ஓர் உயர்நிலைப்பள்ளியில் நான் ஆங்கிலம் கற்பித்து வந்தேன். பணியிலுள்ள ஆசிரியர்களைத் தம் நாட்டிற்கு அழைத்து ஒன்றரை ஆண்டு பயிற்றுவிக்கும் உதவித்தொகைத் திட்டம் ஒன்றை ஜப்பானியக் கல்வி அமைச்சு நடத்தி வருகின்றது. ஐந்தாண்டு ஆசிரியப் பணியும் 35க்கு உட்பட்ட வயதும் வேண்டும் என்பது விதி. அதன்படி 1995ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் ஜப்பான் சென்றேன். முதல் ஆறு மாதம் மொழிப் பயிற்சி. பின்னர் ஓராண்டு கல்வித்துறையில் ஆய்வு.

நான் சென்ற ஊர் கனசாவா. ஜப்பானின் மேலைக் கடற்கரைப் பகுதியில், மயேதா என்னும் பிரபுக் குலத்தார் ஆண்ட பழைய கோட்டை நகரம். அங்கே மழைக்கும் பனிக்கும் பஞ்சமில்லை. 'உணவுப் பெட்டியை மறந்தாலும் குடையை மறவாதே' என்பது அப்பகுதியார் வழங்கும் பழமொழி. நம் நாட்டில் கோடையில் இடி இடிக்கும். அங்கோ நடுக்குளிர்காலத்தில் இடி முழங்கும், அதன்பின் பனி கொட்டும். முதல் இடி கேட்ட இரவில் நான் திடுக்கிட்டு எழுந்து, விடியும்வரை உறங்காதிருந்தேன்.

எனக்குக் கிடைத்தது பாய் விரித்த ஒரு சிற்றறை. வாயிலில் காலணியைக் கழற்றி வைக்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று. புதிதாக இருந்தது குப்பை! எரியும் குப்பைக்கு ஒரு நாள், எரியாததற்கு வேறொரு நாள் என்று முறை உண்டு. நான் அறியாமல் இரண்டையும் ஒரே பையிலிட்டுத் தவறான நாளில் தெருமுனையில் வைத்துவிட்டேன். மாலையில் திரும்பியபோது, எடுத்துச் செல்லப்படாத அந்தப் பை மட்டும், மேலே ஒட்டிய ஒரு சீட்டுடன் எனக்காகக் காத்திருந்தது. சீட்டில் ஒரு சொல்லும் எனக்குப் புரியவில்லை. இரண்டு பட்டம் பெற்றவன், தெருவில் நின்று குப்பைச் சீட்டைப் படிக்க இயலாமல் விழித்தேன்.

அடுத்த வீட்டு மூதாட்டியார் அதைக் கண்டு வெளியே வந்தார். ஒன்றும் பேசாமல் பையை அவிழ்த்து, இரண்டாகப் பிரித்துக் காட்டினார். மறுநாள் என் கதவில் ஒரு தாள் தொங்கியது. அதில் கிழமைகளும், ஒவ்வொன்றின் எதிரே தீச்சுடர், போத்தல் எனப் படங்களும் வரையப்பட்டிருந்தன. ஜப்பானில் நான் முதன்முதல் பிழையின்றிப் படித்த ஏடு அதுவே.

இனி மொழிக்கு வருவோம். ஜப்பானிய மொழியின் சொற்றொடர் அமைப்பு தமிழருக்கு அச்சம் தருவதன்று. எழுவாய் முன், செயப்படுபொருள் இடையில், வினை இறுதியில். பெயருக்குப் பின் வேற்றுமை உருபு. 'நூலை' என்பதில் நாம் 'ஐ' சேர்ப்பதுபோல அவர்கள் 'ஒ' சேர்க்கின்றனர். நாம் 'இது, உது, அது, எது' என்பதற்கு ஒப்பாக அவர்களிடம் 'கொரே, சொரே, அரே, தொரே' என நான்கு உண்டு. நாம் தமிழகத்தில் 'உது' என்பதைக் கைவிட்டோம். யாழ்ப்பாணத்தார் காத்து வருகின்றனர். 'தின்று பார்' என்று நாம் சொல்லும்போது அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. முயன்று பார் என்பதே பொருள். ஜப்பானியரும் 'தபேத்தெ மிரு' என்கின்றனர். 'மிரு' என்பதும் பார்த்தலே. அவர்களுடைய எழுத்து வரிசையும் அ, இ, உ, எ, ஒ என்று தொடங்கிக் க, ச, த, ந என்று செல்கின்றது. வடமொழி எழுத்துகளைப் பயின்ற பௌத்தத் துறவியர் வழியே அவ்வொழுங்கு அங்கே சென்றது என்பர்.

இவ்வொப்புமைகளைக் கண்ட சுசுமு ஓனோ (1919–2008) என்னும் ஜப்பானியப் பேராசிரியர், தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் தொன்மையான தொடர்பு உண்டென்று வாதிட்டார். மொழியறிஞர் பெரும்பாலோர் அதனை ஏற்கவில்லை. ஒப்புமை வேறு, உறவு வேறு என்பதை மாணவர்கள் நினைவிற்கொள்ள வேண்டும். உறவு உண்டோ இல்லையோ, ஒப்புமை கற்பவனுக்குத் துணை என்பதில் ஐயமில்லை.

அந்தத் துணையை நம்பி இறுமாந்திருந்த என்னை எழுத்து தாழ்த்தியது. ஹிராகானா 46, கத்தாகானா 46 என்னும் இருவகை ஒலியெழுத்துகளைப் பதினைந்து நாளில் கற்றுவிட்டேன். அவற்றுக்கும் அப்பால் சீனத்திலிருந்து வந்த கஞ்சி எழுத்துகள் நின்றன. 1981இல் அரசு வகுத்த பொதுவழக்குப் பட்டியலில் அவை 1945. 2010இல் அது 2136 ஆயிற்று. ஒரே எழுத்துக்கு இடத்திற்கேற்பப் பல ஒலிப்புகள். கோடுகளை இழுப்பதற்கும் மாறாத ஒழுங்கு. முதல் தேர்வில் இருபது எழுத்துகளுக்கு எனக்குச் சரியாக வந்தவை நான்கு. என்னினும் பத்து வயது இளைய பிறநாட்டு மாணவர்கள் பதினெட்டும் இருபதும் பெற்றனர். விடைத்தாளை மடித்துச் சட்டைப்பையில் மறைத்துக்கொண்டேன். பிள்ளைகள் ஏன் விடைத்தாளை மறைக்கின்றனர் என்பது அன்றுதான் எனக்கு விளங்கிற்று.

அக்காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும். நான் புதுச் சொற்களைத் தமிழ் எழுத்தில் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பேன். பல்கலைக்கழகத்திற்கு ஜப்பானியத்தில் 'தைகாகு' என்பர். அதன் முதலெழுத்து நம் 'பந்து' என்பதிலுள்ள தகரம்போல் ஒலிக்க வேண்டும். 'பத்து' என்பதிலுள்ள தகரம்போல் ஒலித்தாலோ, படிப்பை விட்டு நீங்குதல் என்று பொருளாகிவிடும். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றே. ஒருநாள் காலையில் மூதாட்டியார், "எங்கே போகிறீர்கள்?" என்று வினவ, நான் குறிப்பேட்டில் உள்ளபடி "தைகாகு" என்றேன். அவர் முகம் வாடிற்று. மாலையில் ஒரு கூடை கமலாப்பழத்துடன் வந்து, என் கையைப் பற்றி ஏதோ மெல்லக் கூறினார். படிப்பை விட்டுவிட வேண்டாம் என்று வேண்டுகிறார் என உணரச் சிறிது நேரமாயிற்று.

தவறு விளங்கியதும் இருவரும் நகைத்தோம். ஆயினும் என் உள்ளத்தில் நகைப்பு இல்லை. ஏனெனில், முந்தைய இரவுதான் ஊர் திரும்பிவிடலாமென்று நான் கடிதம் எழுதத் தொடங்கியிருந்தேன். நாக்கு தவறிச் சொன்னது பொய்யன்று.

அன்றிரவு ஒரு சிறுவனின் நினைவு வந்தது. நான் புறப்படுவதற்கு முந்தைய ஆண்டு எட்டாம் வகுப்பில் இருந்தவன். ஆங்கிலப் பாடத்தில் ஒரு வரியும் அவனுக்கு ஓடாது. நாற்பது பிள்ளைகளுக்கு முன் அவனை நிறுத்தி, "உனக்குப் படிப்பு வராது, போய் மாடு மேய்" என்று சொன்னேன். கையில் பிரம்பும் இருந்தது. மறுவாரம் முதல் அவன் வரவில்லை. பதிவேட்டில் அவன் பெயரைச் சிவப்பு மையால் அடித்தேன். அத்துடன் அவனை மறந்தும்விட்டேன்.

மறுநாள் வகுப்பில் எங்களுக்குக் கற்பித்த எழுத்துகளுள் ஒன்று, 'கற்பித்தல்' என்னும் பொருளுடையது. அதன் இடப்பக்கத்து அடியில் குழந்தையைக் குறிக்கும் வடிவம். வலப்பக்கத்தில் கோல் ஏந்திய கை. பண்டைச் சீனர் கண்ட பள்ளிக்கூடம் அது. நான் நடத்திய பள்ளிக்கூடமும் அதுவே. அந்த எழுத்தை மட்டும் நான் இன்றுவரை மறந்ததில்லை.

கனசாவாவில் கென்ரோக்குவென் என்னும் புகழ்பெற்ற பூங்கா உண்டு. ஆண்டுதோறும் நவம்பர் முதல் நாள், அங்குள்ள பைன் மரங்களுக்குக் கயிறு கட்டத் தொடங்குவர். மரத்தருகே உயர்ந்த கம்பம் நட்டு, அதன் உச்சியிலிருந்து ஒவ்வொரு கிளைக்கும் ஒரு கயிறு குடைக்கம்பிபோல் இறங்கும். அப்பகுதியில் விழுவது ஈரம் நிறைந்த கனமான பனி. அதன் பாரத்தால் கிளை முறியாதிருக்கவே இந்த ஏற்பாடு. பனி விழுவதற்கு முன்பே கயிறு கட்டுகின்றனரே என்று எண்ணிப் பார்த்தேன். முறிந்தபின் கட்டுவதால் என்ன பயன்?

நான் எழுதத் தொடங்கிய கடிதத்தைக் கிழித்தெறிந்தேன். நாளொன்றுக்கு ஐந்து எழுத்து. அதற்கு மேல் வேண்டாம் என்று முடிவு செய்தேன். மாலைதோறும் மூதாட்டியாரிடம் சென்று, அன்று கற்றதைச் சொல்லிக் காட்டினேன். அவர் திருத்துவார், தேநீர் தருவார். ஆறு மாத முடிவில் நாளிதழின் தலைப்புகள் ஓரளவு புரிந்தன.

1996ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ஒரு தொடக்கப்பள்ளியின் முதல் வகுப்பைக் காணச் சென்றேன். ஜப்பானில் பிள்ளைகளே உணவு பரிமாறுவர், பிள்ளைகளே வகுப்பறையைத் துடைப்பர். இவை பலரும் அறிந்தவை. நான் கண்டு வியந்தது வேறு. ஒரு சிறுவன் பலகைக்கு முன் நின்று விடை தெரியாமல் திகைத்தான். ஆசிரியை அவனை உட்கார் என்னவில்லை, விடையையும் சொல்லவில்லை, காத்திருந்தார். வகுப்பு முழுவதும் காத்திருந்தது. ஒரு நிமிடம் கழிந்திருக்கலாம். எனக்கு அது ஒரு யுகமாகத் தோன்றிற்று. சிறுவன் மெல்ல எழுதி முடித்தான். ஆறு ஆண்டு மொழி கற்பித்த நான், ஒரு பிள்ளைக்கும் அந்த ஒரு நிமிடத்தை அளித்ததில்லை.

அயல்நாடு செல்ல விழையும் மாணவர்களுக்குச் சில சொற்கள். ஒலியெழுத்துகள் இரண்டையும் ஊரிலேயே கற்றுச் செல்லுங்கள். ஜப்பானிய மொழித்திறன் தேர்வு 2010 முதல் ஐந்து நிலைகளில் நடைபெறுகின்றது, சென்னையிலும் எழுதலாம். அங்கு நெடுநாள் தங்கப் போகும் மாணவர், குடியமர்ந்த 14 நாளுக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிவு செய்தல் வேண்டும். தேசிய மருத்துவக் காப்பீட்டில் சேர்ந்தால் மருத்துவச் செலவில் நூற்றுக்கு முப்பதே நம் பங்கு. மாணவர் பகுதிநேர வேலை செய்ய முன்அனுமதி தேவை. கல்விக்காலத்தில் வாரத்திற்கு 28 மணி நேரமே எல்லை. மரக்கறி உண்போர் ஒன்றை அறிக: மீன் கண்ணுக்குத் தெரியாத சாற்றிலும் உலர்ந்த சூரைமீன் துருவலின் சாரம் கலந்திருக்கும், கேட்டு உண்ணுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, நம்மவருடன் மட்டும் கூடியிருந்து அந்நாட்டாரை அறியாமல் திரும்பாதீர்கள். அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள், தவறாகப் பேசுங்கள், தவறாகப் பேசாதவன் எந்த மொழியையும் பேசியதில்லை.

1997ஆம் ஆண்டு ஏப்ரலில் ஊர் வந்தேன். வந்த வாரமே அந்தச் சிறுவனைத் தேடிச் சென்றேன். மிதிவண்டி பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்துகொண்டிருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து நின்றான். நான் அவனிடம் சொன்ன சொல் தவறு என்றும், அதற்காக வருந்துகிறேன் என்றும் கூறினேன். அவன் தலைகுனிந்தவாறே, "அந்த நாட்டுப் பாஷை உங்களுக்கு வந்துவிட்டதா, சார்?" என்று கேட்டான்.

"முதல் தேர்வில் இருபதுக்கு நான்கு" என்றேன்.

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தான்.

அவன் பள்ளிக்குத் திரும்பவில்லை. குடும்பத்தின் பாரம் அதற்குள் அவன் தோளில் ஏறிவிட்டது. ஓராண்டுக் காலம், கடை மூடியபின் அங்கேயே அமர்ந்து அவனுக்கு ஆங்கிலம் படிக்கச் சொல்லிக் கொடுத்தேன். வண்டிப் பாகங்களின் பெயர்களிலிருந்து தொடங்கினோம். இன்று அவன் சொந்தக் கடை வைத்திருக்கின்றான். கணக்கைத் தானே எழுதுகின்றான். ஆயினும் அவன் படித்திருக்க வேண்டிய ஆண்டுகளை என்னால் திருப்பித் தர இயலவில்லை.

அதன்பின் நான் பணியாற்றிய இருபத்துமூன்று ஆண்டுகளில் என் வகுப்பில் பிரம்பு இருந்ததில்லை. நீங்கள் அயல்நாடு சென்று கற்றுத் திரும்பும்போது, மொழியோடுகூட இதனையும் கொண்டு வாருங்கள்: அறியாமல் நிற்பவனின் நிலை எத்தகையது என்னும் அறிவு. உங்கள் முன் யாரேனும் திகைத்து நின்றால், அவருக்கு ஒரு நிமிடம் கொடுங்கள்.