அடுக்களைக் களஞ்சியம்

மாதச் சம்பளம் கைக்கு வந்த மாலையில் கண்டி மத்திய சந்தைக்குச் செல்லும் இல்லத்தரசிக்கு இரண்டு வழிகள் உள்ளன. முப்பது நாட்களுக்கு வேண்டிய அடிப்படைப் பண்டங்களை ஒருசேர வாங்கி வைப்பது ஒன்று. அன்றாடம் அயலிலுள்ள சில்லறைக் கடையில் நூறு கிராம் பருப்பும் ஒரு பொட்டலம் தூளும் வாங்கி, மிகுதியைக் கடன் கொப்பியில் எழுதச் சொல்வது மற்றொன்று. இரண்டாவது இலேசான வழிபோலத் தோன்றும். ஆயினும் கடன் கொப்பி அடுத்த மாதச் சம்பளத்தை இந்த மாதமே தின்றுவிடுகிறது.

களஞ்சியத்தின் தேவையை இலங்கை மக்களுக்கு வரலாறே கற்பித்திருக்கிறது. 1942இல் பர்மா யப்பானியர் கைப்பட்டதும் அந்நாட்டு அரிசி வரவு நின்று, பங்கீட்டு முறை வந்தது. 1953இல் பங்கீட்டரிசியின் விலை கொத்து ஒன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, ஆகஸ்ட் 12ஆம் நாள் ஹர்த்தால் மூண்டது. 2022 செப்டெம்பரிலோ, கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதமாயிற்று. ஓராண்டுக்கு முன் நூறு ரூபாவுக்கு வாங்கியதை ஏறக்குறைய இருநூறு ரூபாவுக்கு வாங்க நேர்ந்தது. பானையில் பத்துக் கிலோ அரிசி இருந்த வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்கும் அன்றிருந்த வேற்றுமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அரிசிக்கு அடுத்தது பருப்பு. அரிசியிற் குறைவாயுள்ள புரதக் கூறு பருப்பில் நிறைந்திருப்பதால், சோறும் பருப்புமாக உண்பது உடலுக்கும் நன்று. ஆனால் மைசூர்ப் பருப்பு கடல் கடந்து வருவது. ரூபாவின் மதிப்பு விழுந்தால் அதன் விலை ஏறும். ஆகவே உள்நாட்டில் விளையும் பயறும் கௌபியும் ஒவ்வொரு போத்தல் இருத்தல் வேண்டும். செத்தல் மிளகாய், மல்லி, சீரகம், பழப்புளி, உப்பு, சிறிது நெத்தலிக் கருவாடு ஆகியன இருந்தால் கறிக்குக் குறைவில்லை.

கறித்தூளை மட்டும் பொட்டலத்தில் வாங்குவது, கண்டியில் வாழ்வோருக்கு அழகன்று. மிளகும் கராம்பும் சாதிக்காயும் கண்டிப் பகுதி வீட்டுத் தோட்டங்களிலேயே காய்க்கின்றன. முழுதாக வைத்த சரக்கு நெடுநாள் மணம் காக்கும். அரைத்த தூள் விரைவில் மணம் இழக்கும். இரண்டு வாரத்துக்குப் போதுமான அளவு வறுத்து இடித்துக்கொள்வதே இலாபம்.

பலாமரத்தையும் களஞ்சியத்தின் ஒரு பகுதியாகவே கொள்ளலாம். பாணந்துறையைச் சேர்ந்த ஆதர் வி. டயஸ் நாடெங்கும் பலா நடச்செய்து, ‘கொஸ் மாமா’ என்ற பெயரையே பெற்றார். காய் மலிந்த காலத்தில் சுளைகளை அவித்து வெயிலில் உலர்த்தி வைப்பதும், கொட்டைகளை மணலில் புதைத்து வைப்பதும் கண்டிச் சிங்களக் கிராமத்தார் கைக்கொண்ட முறைகள். தமிழ் இல்லங்களும் இவற்றைக் கற்றுக்கொள்வதில் குறைவொன்றுமில்லை.

இனி, காப்பாற்றும் வகை. கண்டி ஏறத்தாழ ஐந்நூறு மீற்றர் உயரத்தில், மலைகள் சூழ அமைந்த ஈர நகரம். மழை தொடர்ந்தால் உப்பு நீர்விடும். மிளகாய் பூஞ்சணம் பிடிக்கும். அரிசி வண்டு தன் முட்டையை மணிக்குள்ளேயே இடுவதால், வாங்கும்போது கண்ணுக்குத் தெரியாது. இறுக மூடும் தகரப் பேணிகளைக் கழுவி, நன்கு உலர்த்தி நிரப்புக. பழையது தீருமுன் புதியதை அதன்மேற் கொட்டலாகாது. கோதுமை மாவை இரண்டு வாரத்துக்கு மேற்பட வைத்தல் வீண். மழைக்காலத்தில் அதுவும் அதிகம். வெயில் கண்ட நாளில் மிளகாயையும் மல்லியையும் முற்றத்துக்குக் கொண்டுவருக.

முற்றமும் மாதச் சம்பளமும் எல்லோருக்கும் உண்டா? ஹந்தானை, கலஹா, தெல்தோட்டைத் தோட்டங்களின் லயங்களில், பெயர் பதிந்த நாளுக்கே கூலி பெறுகின்ற குடும்பத்திடம் மொத்தமாக வாங்கு என்பது நகைப்புக்கிடமாகும். அங்கே வேறு வழி வேண்டும். இரண்டு மூன்று குடும்பங்கள் பணம் சேர்த்து ஒரு மூடை அரிசி வாங்கி அளந்து பகிர்ந்துகொள்ளலாம். அன்றாடச் சமையலுக்கு அரிசி அளக்கும்போது ஒரு பிடியை வேறு பேணியில் இடும் வழக்கம் பல வீடுகளில் இருந்ததுண்டு. நாளுக்கு ஐம்பது கிராம் என்று கொண்டாலும் மாத முடிவில் ஒன்றரைக் கிலோ சேர்கிறது. மழையால் வேலை நின்ற நாளில் அந்தப் பேணியைத் திறக்கலாம்.