ஆவாரையும் அதை நாடும் வண்டும்

தோட்டம் என்றவுடன் நம்மிற் பலருடைய நினைவு நாள்தோறும் நீர் கேட்கும் செடிகளின்பாற் செல்கின்றது. கோடையில் கிணறு வற்றினால் அவையும் வாடுகின்றன. அவற்றை நாடி வந்த தேனீக்களும் வண்ணத்துப்பூச்சிகளும் வேறிடம் தேடிப் போகின்றன. ஆனால் தக்காணத்துச் செம்மண் மேடுகளில், எவரும் நீர் வாராத புதர் ஒன்று பொன்னிறமாகப் பூத்து நிற்பதைக் காண்கிறோம். தமிழில் அது ஆவாரை, தெலுங்கில் தங்கேடு. 2014-ஆம் ஆண்டில் அமைந்த தெலங்கானா அதனையே தன் மாநில மலராகக் கொண்டது. அங்கே நவராத்திரிக் காலத்தில் பெண்கள் அடுக்கும் பதுக்கம்மா மலர்க்கோபுரத்தில் தங்கேட்டுக்குத் தனியிடம் உண்டு. வீட்டு முற்றத்திலோ அதனை நாம் அரிதாகவே காண்கிறோம்.

பூவிற்கு வண்டு வருவது தேனுக்காகவே என்று எண்ணுகிறோம். ஆவாரம்பூவில் தேன் இல்லை, உள்ளது மகரந்தமே. அதுவும் எளிதில் கிட்டுவதன்று. மகரந்தப் பைகள் பிளந்து விரியாமல், மிளகுத்தூள் சிமிழ்போல நுனித் துளையின் வழியே மட்டும் தூளை விடுகின்றன. மரத்தைத் துளைத்துக் குடியிருக்கும் பெரிய கருவண்டு பூவைப் பற்றிக்கொண்டு, பறப்பதற்குரிய தசைகளை அதிர்விக்கின்றது. தூள் சிதறி அதன் உடலிற் படிகின்றது. காலையில் செடியருகே நின்று செவி கொடுத்தால், பறக்கையில் ஒரு முரலும், பூவில் அமர்ந்தபின் அதனினும் கூரிய மற்றொரு முரலும் கேட்கும்.

பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு இவ்வித்தை வாராது. நம் கத்தரியும் தக்காளியும் இத்தகைய அதிர்வையே வேண்டுகின்றன. வண்டு இன்றியும் ஓரளவு காய் பிடிக்குமாயினும், அது அதிர்வித்த பூவில் காய்ப்பு மிகுகின்றது. ஆதலின் கத்தரிப் பாத்திக்கு அயலில் ஆவாரை நிற்பது அழகுக்காக மட்டுமன்று.

முற்றிக் காய்ந்த நெற்றுகளிலிருந்து விதை எடுக்கலாம். விதைத்தோல் கடினமானது, கொதித்து இறக்கிய நீரில் இட்டு ஓரிரவு ஊறவிட்டால் எளிதில் முளைக்கும். ஆணிவேர் விரைந்து ஆழம் போவதால் நாற்றைத் தொட்டியில் நெடுநாள் வைத்தல் தகாது. மழை தொடங்கியதும், நாள் முழுதும் வெயில் படும் இடத்தில், நான்கைந்து அடி இடைவெளி விட்டு நடுக. முதற் கோடை கழியும்வரை வாரம் ஒருமுறை நீர் போதும். அதன்பின் அச்செடிக்கு நாம் செய்யக்கூடிய பெருந்தீங்கு, அன்பு மிகுந்து நீர் ஊற்றுவதே! வேலியோரத்தில் எருக்கு முளைத்திருந்தால் பிடுங்க வேண்டா. வண்டுக்குத் தேன் தருவது அது.

மழைக்குப்பின் பச்சைப் புழுக்கள் இலையை அரிக்கக் கண்டு மருந்து தெளிக்க விரைவோர் உண்டு. அவை வெளிர்பச்சை கலந்த வெண்ணிற வண்ணத்துப்பூச்சியின் இளம் பருவம். செடி அவற்றைத் தாங்கி மீண்டும் தழைக்கும்; மருந்தோ வண்டையும் கொல்லும். பட்ட கிளைகளையும் பழைய மூங்கிற் கழிகளையும் முற்றும் விறகாக்காமல், இரண்டொன்றை வேலியிற் சாத்தி வைத்தால் வண்டு அங்கே குடியேறும். நம் கூரை உத்தரத்தை அது நாடுவதும் குறையலாம்.