ஈறு காட்டும் எச்சரிக்கை



பொன்னேரிக்கு வடகிழக்கே, ஏரியும் கடலும் அடுத்தடுத்துக் கிடக்கும் பழவேற்காட்டில், டச்சுக்காரர்கள் 1613-ஆம் ஆண்டில் கெல்ட்ரியா என்ற கோட்டையை அமைத்தார்கள். நம் நாட்டுத் துணிகளை நாடி வந்த அவர்களுடைய கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு பல மாதங்கள் கடலிலே மிதந்து வரவேண்டியிருந்தது. அக்காலத்து மாலுமிகள் புயலுக்கு அஞ்சியது போலவே ஒரு நோய்க்கும் அஞ்சினார்கள். முதலில் உடல் சோரும். பின்னர் ஈறுகள் வீங்கிக் கறுக்கும். தொட்டால் குருதி கசியும். பற்கள் ஆட்டங்கண்டு விழும். ஆறிப்போன பழம் புண்களும் மீண்டும் வாய் திறக்கும். முடிவில் மரணம். இதுவே ஸ்கர்வி.

உப்பிட்ட இறைச்சியும் உலர்ந்த ரொட்டியுமே கப்பலில் உணவு. கரையிறங்கிக் கீரையும் கனியும் உண்டவர்கள் தேறினார்கள். ஆகவே 1652-இல் டச்சுக் கம்பெனியார் நன்னம்பிக்கை முனைக்கருகில் ஒரு தங்குமிடம் நிறுவி, கப்பல்களுக்காகக் காய்கறித் தோட்டம் போட்டார்கள். கேப் டவுன் நகரம் அவ்வாறு தோன்றியதேயாகும்.

1747-இல் பிரிட்டிஷ் கப்பற்படை வைத்தியர் ஜேம்ஸ் லிண்ட், நோயுற்ற 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து, ஆறு விதமான மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைவில் எழுந்தனர். அக்கனிகளில் இருந்த பொருள் எது? ஹங்கேரி நாட்டு அறிஞர் சென்ட்-கியோர்கி 1928-இல் பிரித்தெடுத்த அமிலமே அது என்பது 1932-இல் தெளிவாயிற்று. அதைத்தான் வைட்டமின் 'சி' என்கிறோம்.

இச்சத்துக் குறைந்தால் ஈறு ஏன் வாடுகிறது? நம் உடலின் தசைகளையும் எலும்புகளையும் இரத்தக் குழாய்களையும் கட்டி நிறுத்துவது கொலாஜன் என்னும் புரதம். அது மூன்று இழைகளை முறுக்கிய கயிறு போன்றது. வைட்டமின் 'சி' இல்லாவிடில் அம்முறுக்கு நிலைப்பதில்லை. பல்லை எலும்போடு பிணைக்கும் நார்கள் கொலாஜனால் ஆனவை. அவை ஓயாமல் தேய்ந்து புதுப்பிக்கப்படுபவை. எனவே குறை அங்கே விரைவில் வெளிப்படுகிறது. ஆடு தனக்கு வேண்டிய வைட்டமின் 'சி'யைத் தானே ஆக்கிக்கொள்கிறது. மனிதனுக்கு அவ்வாற்றல் இல்லை. உணவிலிருந்தே பெறவேண்டும்.

நாளொன்றுக்கு ஆண்களுக்கு 80 மில்லிகிராமும் பெண்களுக்கு 65 மில்லிகிராமும் போதும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2020-இல் வகுத்த அளவு. 100 கிராம் கொய்யாப்பழத்தில் 200 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. நெல்லிக்கனியின் வளம் யாவரும் அறிந்ததே. இரண்டாம் உலகப்போரில் இந்தியச் சிப்பாய்களுக்கு நெல்லிப்பொடியும் மாத்திரையும் வழங்கப்பட்டன. ஆனால் இச்சத்து நீரில் கரைவது, சூட்டில் அழிவது. கீரையை நெடுநேரம் கொதிக்கவைத்து நீரை வடித்துக் கொட்டினால் பயன் குன்றும்.

ஒன்றை மறவாதீர்கள். ஈறில் குருதி கசிவதெல்லாம் ஸ்கர்வி அன்று. பல்லின்மேல் படியும் அழுக்கும் அதில் வாழும் கிருமிகளுமே பெரும்பாலும் காரணம். அதற்குக் கனி மட்டும் மருந்தாகாது. நன்கு பல் துலக்குவதோடு பல் மருத்துவரையும் காணவேண்டும்.

ஆயினும் விடுதியிலோ, கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை அடுத்த அறைகளிலோ தனித்துத் தங்கி, தேநீரும் பன்னுமாக நாட்களைக் கடத்தும் இளைஞன், கரையில் இருந்துகொண்டே அம்மாலுமியின் உணவை உண்கிறான். மாலுமிக்குக் கரை பல மாதத் தொலைவில் இருந்தது. நமக்கோ கொய்யாக் கூடை தெருமுனையிலேயே இருக்கிறது.