ஊசிக்குப் பயப்படும் பிள்ளை ஊசி போடும் பிள்ளையாகட்டும்

(தொடக்கப் பள்ளிப் பெற்றோர் கூட்டத்தில், ஓய்வுபெற்ற அரசு மருத்துவமனைச் செவிலியர் ஒருவர் ஆற்றிய உரை)



பெரியவர்களே, தாய்மார்களே! போன சனிக்கிழமை உங்கள் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம், "ஆஸ்பத்திரியில் யாரெல்லாம் வேலை பார்க்கிறார்கள்?" என்று கேட்டேன். டாக்டர், நர்ஸ். அதற்கு மேல் பதில் வரவில்லை. ஒரு சிறுவன், "ஊசி போட வருவாங்க, நான் ஓடிடுவேன்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தப் பயத்தை ஊட்டியவர்கள் நாம்தான். சோறு உண்ண மறுத்தால், "நர்ஸம்மாவைக் கூப்பிடட்டுமா?" என்று மிரட்டுகிறோம். டாக்டர் வீட்டுப் பிள்ளை இந்த வேலைகளைப் பற்றி வீட்டிலேயே கேட்டு வளர்கிறது. ஆட்டோ ஓட்டும் வீட்டுப் பிள்ளைக்கும் பீடி சுற்றும் வீட்டுப் பிள்ளைக்கும் யார் சொல்வது?

இரத்தம் பரிசோதிக்கும் லேப் டெக்னீஷியன், எக்ஸ்ரே எடுப்பவர், மருந்தாளுநர், முடங்கிய காலை நடக்க வைக்கும் பிசியோதெரபிஸ்ட், 108 ஆம்புலன்ஸில் வரும் மருத்துவ உதவியாளர் என்று ஒவ்வொருவர் வேலையையும் அன்று சொன்னேன்.

பிறகு ஒரு கதை. 1816இல் பாரிஸில் லேனெக் என்ற மருத்துவர், ஒரு பெண் நோயாளியின் நெஞ்சில் காது வைத்துக் கேட்கத் தயங்கி, தாளைக் குழலாகச் சுருட்டி வைத்துக் கேட்டார். ஸ்டெதஸ்கோப் பிறந்தது அப்படித்தான். பிள்ளைகளும் பழைய காலண்டர் தாளைச் சுருட்டி ஒருவர் நெஞ்சை ஒருவர் கேட்டார்கள். மணிக்கட்டில் நாடி பிடித்து, 15 விநாடி எண்ணி, நான்கால் பெருக்கினார்கள். ஓடிவிடுவேன் என்ற பையன் கடைசிவரை குழலைக் கீழே வைக்கவில்லை.

இன்றைக்கே உதவும் சிலவற்றையும் கற்றார்கள். சூடு பட்டால் பற்பசையோ இங்க்கோ தடவக் கூடாது. குளிர்ந்த தண்ணீரை 20 நிமிடம் ஊற்ற வேண்டும். வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இல்லையென்றால், ஒரு லிட்டர் சுத்தமான நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. கரண்டி தலைதட்டி இருக்க வேண்டும். 108ஐ அழைத்தால் தெருப் பெயரும் பக்கத்து அடையாளமும் சொல்ல வேண்டும். வீட்டில் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள்.

"இந்த வயதில் எதற்கு?" என்று கேட்பீர்கள். நான் வார்டில் இருந்தபோது, பாட்டியை அவ்வளவு பக்குவமாகப் பார்த்துக்கொண்ட ஒரு பெண் பிள்ளை, "நானும் நர்ஸ் ஆகணும் அக்கா" என்றாள். அப்போது பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள். எடுத்திருந்ததோ வணிகவியல் பிரிவு. பி.எஸ்சி. நர்சிங்குக்கு உயிரியல் வேண்டும் என்று பதினொன்றாம் வகுப்பில் சேரும்போது அவளுக்குச் சொல்ல ஆள் இல்லை. அவள் முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

வழி இருக்கிறது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து நீட் தேறியவர்களுக்கு, மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020 முதல் உண்டு. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு இருக்கிறது. ஆனால், வழி இருப்பது தெரிந்தால்தானே நடப்பார்கள்?

உங்களிடம் மூன்று வேண்டுகோள். ஊசியைச் சொல்லி மிரட்டாதீர்கள். சாதிச் சான்றிதழை இப்போதே வாங்கி வையுங்கள். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, இரத்தம் எடுப்பவரைக் காட்டி, "இவங்க என்ன படிச்சாங்கன்னு கேளு" என்று பிள்ளையிடம் சொல்லுங்கள். கேட்டால் நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம், சந்தோஷமாகச் சொல்வோம்.