டிராக்டரில் உபரி டீசல்
(உழவர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)

உழவின் நடுவே டீசல் அடியோடு தீர்ந்துவிட்டால் குழாய்களில் காற்று புகுந்துவிடும். அதை வெளியேற்றினால்தான் என்ஜின் ஓடும். ஆகவே தொலைவயலுக்குச் செல்வோர் கேனில் டீசல் எடுத்துச் செல்வது நல்லதே.

ஆனால் கேனைக் கழுத்துவரை நிரப்பாதீர்கள். 20 லிட்டர் டீசல், 30 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடேறினால் ஏறக்குறைய அரை லிட்டர் பெருகும். மூடி கசிந்து, சூடான புகைக்குழாயில் சொட்டினால் தீப்பற்றக்கூடும். கேனை மட்கார்டில் கயிற்றால் தொங்கவிடுவோரைப் பார்க்கிறோம். வரப்பு ஏறி இறங்கினால் முதலில் அடிபடுவது அதுதான். புகைக்குழாய்க்கு எட்டாத இடத்தில் இரும்புச் சட்டம் பொருத்தி, வாரால் இறுகக் கட்டுங்கள்.

என்ஜினை நிறுத்தி, ஆறிய பின் ஊற்றுங்கள். அப்போது பீடி வேண்டாம். சல்லடை வைத்த புனல் அவசியம். கேனின் அடியில் தங்கிய டீசலை ஊற்றாதீர்கள். இன்ஜெக்டரைக் கெடுக்கும் நீரும் தூசியும் அதில்தான் இருக்கும்.